அடியில் என்ன இடுவது

கடற்குதிரை செத்த இரையைத் தின்னாது. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நம்பாமல் இறால் தசையைச் சிறு துண்டாக்கி, நூலில் கட்டி, அதன் வாயருகே ஆட்டிப் பார்த்தேன். ஒரு கண்ணால் இறாலைப் பார்த்தது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அதனால் ஒன்றுவிட்டொரு நாள் கோப்பாயிலிருந்து கொழும்புத்துறைக்குச் சைக்கிள் மிதித்தேன். கடனீரேரியின் கரையில் ஒதுங்கும் கடற்புல்லை அங்கே சாதாளை என்பார்கள். அதை வாளித் தண்ணீரில் உதறினால் தெள்ளுப் போலத் துள்ளும் பூச்சிகள் விழும். நெல்மணியில் பாதி அளவு. பக்கவாட்டில் சரிந்து நீந்துபவை. விலங்கியலில் அவற்றுக்கு நீளமான பெயர் உண்டு. என் கொப்பியில் தெள்ளு என்றே எழுதினேன். குதிரைக்கு நாளுக்கு நாற்பது தெள்ளு வேண்டும்.

ஆவணி வரை இது நடந்தது. ஆனால் ஐப்பசியில் மழை தொடங்கும். கடனீரேரியின் உப்பு இறங்கும், தண்ணீர் கலங்கும். அதற்குப் பிறகு தை வரை கரையில் ஒரு பூச்சியும் கிடைக்காது என்று நண்டு பிடிக்கும் யாகோப்பு அண்ணை சொன்னார். கடற்குதிரைக்கு இரைப்பை கிடையாது. தின்றது தங்காது. ஒரு வாரம் பட்டினி கிடந்தால் செத்துவிடும்.

என் மனைவி குணலட்சுமி மாசியில் இறந்தாள். மலேரியா தலைக்கு ஏறியது. மூன்று நாள். அந்த வருடம் அந்த வீட்டில் இன்னொன்று சாகக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. அவள் போன பிறகு அதில் அவளுடைய தாய் ஞானாம்பிகையும் நானும் இருந்தோம். மாமி சமைப்பார், ஆட்டைப் பார்ப்பார். நான் தண்ணீர் அள்ளுவேன், விறகு கொத்துவேன், நல்லூரில் ஒரு ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பிப்பேன். உரும்பிராயில் என் சொந்த வீட்டுக்கு ஏன் இன்னும் திரும்பிப் போகவில்லை என்று மாமி கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. யுத்தத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். தொட்டி அதற்கு முந்தியது. கம்பஸில் படித்த காலத்தில் கண்ணாடி வெட்டி நானே ஒட்டினேன். மூன்றடி நீளம். உள்ளே பருத்தித்துறையிலிருந்து கொண்டுவந்த முருகைக்கற்கள், பவளப்பாறைத் துண்டுகள். காற்றுப் பம்பி நின்றதும் மீன்கள் ஒன்றொன்றாகப் போயின. கற்களும் அவற்றின் மேல் படர்ந்த ஊதா நிறப் பாசியும் இரண்டு கடற்சாமந்திகளும் எஞ்சின. சைக்கிள் ரியூப்பை முட்டக் காற்றடித்து, வால்வில் மெல்லிய குழாய் செருகி, அந்தக் காற்றைத் தொட்டிக்குள் கசியவிடப் பழகினேன். ஒரு ரியூப் நாலு மணித்தியாலம் வரும். பங்குனியில் யாகோப்பு அண்ணை தன் வலையில் வந்த கடற்குதிரையை ஒரு பேணியில் போட்டுத் தந்தார். “ஒண்டும் கதையாமல் நிக்குது. உங்களுக்குத் தோதான ஆள்” என்றார்.

கம்பஸ் நூலகத்தில் எப்போதோ பிரதி எடுத்த கட்டுரை ஒன்று என்னிடம் இருந்தது. முருகைக்கல் தொட்டிக்கு மேலே இன்னொரு தொட்டி வைக்கலாம் என்றது. அதில் மீன் இல்லை. மண்ணும் பாசியும்தான். தின்ன ஆள் இல்லாததால் சிறு உயிர்கள் அங்கே பெருகும். தண்ணீர் மேலிருந்து கீழே வடியும்போது அவற்றில் சில கூடவே வந்து இரையாகும். அதோடு தண்ணீரில் சேரும் அழுக்கையும் அந்த மண் தின்னும். ஆங்கிலப் பெயரைப் புகலிடம் என்று தமிழாக்கிக்கொண்டேன். நாலாம் பக்கம் இப்படி முடிந்தது: அடியில் இடும் பொருளை நன்றாகக் கழுவவேண்டும், எதை இடுகிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். ஐந்தாம் பக்கம் என்னிடம் இல்லை. ஏன் பிரதி எடுக்காமல் விட்டேன் என்பது நினைவில்லை.

ஐந்தாம் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஒரு காலை முழுவதும் யோசித்தேன். மாசிக்குப் பிறகு நான் அறிய விரும்பிய முதல் விஷயம் அது.

தெரியாவிட்டால் செய்து பார்க்கவேண்டும். மூன்று ஹோர்லிக்ஸ் போத்தல்களை எடுத்தேன். ஒன்றில் பருத்தித்துறை வெளிச்சவீட்டடியில் அள்ளிய வெள்ளை மணல். ஒன்றில் கொழும்புத்துறைச் சேறு. ஒன்றில் எங்கள் ஊர்க் கல்லுக்கிடங்கில் பொறுக்கிய சுண்ணக்கல் துண்டுகள். மூன்றையும் கிணற்றடியில் வைத்துக் கழுவினேன்.

கோப்பாயிலும் உரும்பிராயிலும் கடலிலிருந்து வருவதை உப்புப் போகாமல் வளவுக்குள் சேர்ப்பதில்லை. தோட்டத்துக்குப் பசளையாக வரும் சாதாளையைக்கூட ஒரு மழை நனையவிட்டு, உப்பை இறக்கித்தான் மண்ணில் தாழ்ப்பார்கள். என் தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர். மூளையைக் கேட்காமலே என் கை இதைச் செய்யும். கட்டுரையும் கழுவச் சொல்லியிருந்தது. சேற்றை ஆறு தண்ணீரில் கழுவினேன். ஆறாம் தண்ணீர் தெளிவாக ஓடியது. போத்தலில் சாம்பல் நிற மணலும் சிப்பித் தூளும் எஞ்சின.

மாமி வாசலில் நின்று பார்த்தார். “இப்பதான் மனிசர் வீட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு” என்றார்.

மூன்றிலும் கடல்நீர் விட்டு, பத்துப் பத்துத் தெள்ளு விட்டு, யன்னலில் வைத்தேன். ஐந்தாம் நாள் மூன்றிலும் தெள்ளு இல்லை. முட்டை இட்டிருக்கும், குஞ்சு வரும் என்று பொறுத்தேன். தினமும் காலையில் கைவில்லையால் பார்த்தேன். இருபத்தொரு நாள் கொப்பியில் ஒரே சொல்: இல்லை.

புரட்டாதி நடுப்பகுதி. மண்டைதீவு ராணுவ முகாம் பக்கம் ஷெல் சத்தம் இல்லாத ஒரு காலை. கொழும்புத்துறையில் யாகோப்பு அண்ணை இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் இல்லாததால் அவருடைய வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் நிழலில் அவர் மனைவி சிசிலியா வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். வாய் சும்மா இராது.

“என்ன மாஸ்டர், இண்டைக்கும் பூச்சி பிடியோ? ஆக்கள் குதிரையிலை ஏறி ஓடுவினம். உங்களிலை குதிரை ஏறி ஓடுது.”

“இன்னும் கொஞ்ச நாள்தான் அக்கா. பூச்சியை வீட்டிலை பெருக்கப் பாக்கிறன். மேலை ஒரு தொட்டி வைச்சு, மீன் போகேலாத மாதிரி. புகலிடம் எண்டு சொல்லுவினம்.”

“பூச்சிக்கு அசைலமோ?” கையில் இருந்த நண்டோடு நிமிர்ந்தார். “என்ரை தம்பி ரெண்டு வருசமாய் ஜெர்மனியிலை கேட்டுக்கொண்டு நிக்கிறான். இன்னும் குடுக்கேல்லை. பூச்சிக்குக் குடுத்திட்டாங்களோ?”

“இல்லை. மூண்டு போத்தலிலை செய்து பாத்தன். மூண்டும் சரிவரேல்லை.”

“என்னத்தைப் போட்டனீங்கள்?”

“ஒண்டிலை இங்கத்தைச் சேறுதான். உந்த வள்ளத்துக்குக் கிட்ட எடுத்தது.”

“அதுக்குள்ளை ஊரிப்பட்ட சீவன் கிடக்குமே. ஏன் சரிவராது? கொண்டுபோய் என்ன செய்தனீங்கள்?”

“கழுவினன்.”

“எதாலை?”

“கிணத்துத் தண்ணியாலை. ஆறு தரம்.”

அவர் என்னைப் பார்த்தார். நண்டைக் கூடைக்குள் விட்டார். பிறகு வள்ளத்தில் சாய்ந்து சிரித்தார். தோள் குலுங்கியது. கண்ணைப் புறங்கையால் துடைத்தார்.

“இஞ்சேருங்கோ! விட்டிட்டு வந்து கேளுங்கோ. மாஸ்டர் சேத்தைக் கழுவினவராம். சேத்தை!”

யாகோப்பு அண்ணை தண்ணீரில் நின்றபடியே கேட்டார். “ஏனாம்?”

“ஊத்தையாம்!”

“கோப்பாயாரிட்டைக் கடலைக் குடுத்தாலும் உப்புப் போகக் கழுவிப்போட்டுத்தான் வைப்பினம்” என்றார் அவர். பிறகு என்னிடம், கொஞ்சம் இரங்கி, “மாஸ்டர், அதுகள் நல்ல தண்ணி பட்டால் அந்த இடத்திலையே செத்துப்போம். மழைக்கு இங்கை என்ன நடக்குதோ அதைத்தான் நீங்கள் வாளியாலை செய்திருக்கிறியள்.”

நான் விலங்கியலில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. உப்பு நீரில் வாழும் உடலுக்குள் நன்னீர் புகுந்தால் என்ன நடக்கும் என்று கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கிறவன். போன வாரமும் படிப்பித்தேன்.

“இன்னும் எத்தினை நாள் கிடக்கு, மழைக்கு?” என்று கேட்டேன்.

யாகோப்பு அண்ணை தென்கிழக்கைப் பார்த்தார். “ஒரு மாதம். பிந்தினால் ஒண்டரை.”

அன்று சைக்கிளை வேகமாக மிதித்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று ஒன்றை உணர்ந்தும் நெடுநாள்.

இரண்டாம் முறை இரண்டே போத்தல். எதையும் கழுவவில்லை. சேற்றை அதன் தண்ணீரோடேயே வாளியில் எடுத்தேன். பருத்தித்துறையில் உலர்ந்த மணலை விட்டு, பாறைக்கு உட்புறம் முழங்கால் ஆழத்தில் கிடந்த முருகைக்கல் நொறுங்கல்களை அள்ளினேன். கடலை அளவிலிருந்து பாக்கு அளவு வரை. ஈரச் சாக்கில் சுற்றி, வழியில் நாலு தரம் கடல்நீர் தெளித்தேன். குறைந்த தண்ணீருக்குக் கிணற்று நீரையும் விடவில்லை. எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம். யூரியாவுக்குத் தடை வந்து இரண்டு வருடமாகியும் பழைய யூரியா கிணற்றில் இருந்தது. போத்தலில் பிடித்துவைத்த மழைநீரை விட்டேன்.

மூன்றாம் நாளே போத்தல்கள் வெவ்வேறு ஊர்களாகிவிட்டன.

சேற்றுப் போத்தல் மூன்று நிறமாகப் பிரிந்தது. மேலே கபில நிறத்தில் மெல்லிய தோல். அதன் கீழே சாம்பல். அடியில் கரி போல் கறுப்பு. கண்ணாடியோரமாகப் புழுக்கள் துளையிட்டு மேலுக்கும் கீழுக்கும் போய்வந்தன. ஒட்சிசன் எட்டாத ஆழத்தில் கறுப்பாவதும், அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றைத் தின்பதும் படித்ததுதான். படிக்கும்போது அது ஒரு சமன்பாடு. இப்போது ஒரு கோடு. அந்தக் கோடு ஒவ்வொரு நாளும் ஒரு நூலளவு மேலே வந்தது. ஏழாம் நாள் நின்றது. ஏன் அந்த இடத்தில் நின்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நொறுங்கல் போத்தலில் நிறம் மாறவில்லை. ஆனால் கல்லுக்குக் கல் இருந்த இடுக்குகளில் தெள்ளுகள் இருந்தன. கைவில்லையை வைத்தால் உணர்கொம்புகள் மட்டும் வெளியே ஆடும். பத்தாம் நாள் அவற்றின் குஞ்சுகளைக் கண்டேன். ஊசிக் காது அளவு. முப்பத்தொன்றுவரை எண்ணினேன். பதினான்காம் நாள் அவை குறைந்தன. இடம் இருந்தது, தின்ன ஒன்றும் இல்லை. சேற்றில் தின்ன நிறைய இருந்தது. ஒளிய இடம் இல்லை. அங்கே புழுதான் பெருகியது. ஒரு புழுவைக் குதிரையிடம் காட்டினேன். முதுகைக் காட்டியது.

மூன்றாவது போத்தல் ஒன்று செய்தேன். அடியில் நாலு விரல் சேறு, மேலே இரண்டு விரல் நொறுங்கல், ஒரு கைப்பிடி உயிருள்ள சாதாளை வேரோடு. இதைப் பார்க்கத் தினமும் பாயைவிட்டு எழும்பினேன். ஒன்பதாம் நாள் எண்ண முடியவில்லை.

இனிப் பெரிதாகச் செய்யவேண்டும். நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பரல் ஒன்றை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை விறாந்தையின் கிழக்கு மூலையில் மேசைமேல் வைத்தேன். கண்ணாடித் தொட்டியை அதன் கீழே கொண்டுவந்தேன். சேறு இரண்டு சாக்கு. பரலிலிருந்து தொட்டிக்குச் சேலைன் குழாய். சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீரைக் காலையும் மாலையும் வாளியால் மேலே ஊற்றவேண்டும். பம்பி நான்தான்.

மாமிக்கு மச்ச மணம் ஆகாது. அந்த வீட்டில் முட்டைகூட உடைத்ததில்லை. பரலில் இருந்து எழுந்தது மச்ச மணமும் இல்லை; அதைவிட மோசம். அடியில் கறுப்பான இடத்திலிருந்து ஐதரசன் சல்பைட்டு குமிழியாக வந்துகொண்டிருந்தது.

“தம்பி, கூழ்முட்டை மணம் சாமியறை வரைக்கும் வருது.”

“ஒரு கிழமையிலை அடங்கும் மாமி.”

“திங்கட்கிழமை சஷ்டி தொடங்குது. ஆறு நாளும் நான் பால் மட்டும்தான். வெறுவயித்திலை உந்த நாத்தம்...” முந்தானையால் மூக்கைப் பொத்தினார். “என்ரை பிள்ளை இருந்திருந்தால் விறாந்தையிலை வைக்க விட்டிருக்க மாட்டாள்.”

“ஓம் மாமி.”

பின்னேரம் பார்த்தபோது பரலுக்கும் சாமியறைக்கும் இடையில் ஒரு தடித்த சீலை தொங்கியது. சாம்பிராணிச் சட்டி பரலின் பக்கமாக வைக்கப்பட்டிருந்தது.

மணம் நான் சொன்னபடி அடங்கியது. சிக்கல் வேறிடத்திலிருந்து வந்தது. தெள்ளுகள் கீழே வரவில்லை.

ஒளிய நல்ல இடம் கொடுத்துவிட்டேன். அவை அங்கேயே ஒளிந்தன. சேலைன் குழாயின் வாயில் துணி கட்டி ஒரு முழு நாள் பிடித்துப் பார்த்தேன். மூன்று. நாற்பது வேண்டிய இடத்தில் மூன்று. நொறுங்கலைக் கிளறி அள்ளலாம் என்று கையை விட்டேன். அடிச் சேறு கலங்கிப் பரல் முழுவதும் கறுத்தது. ரியூப் காற்று முழுவதையும் அதற்குள் விட்டு, தெளியும் வரை பக்கத்திலேயே நின்றேன். இன்னொரு தரம் கிளறினால் எல்லாம் செத்துவிடும்.

அது சஷ்டி தொடங்குவதற்கு முந்திய நாள். தென்கிழக்கு கறுத்திருந்தது. மேலே நூற்றுக்கணக்கில் இரை. கீழே குதிரை. இடையில் ஒரு முழம். நான் விறாந்தைப் படியில் இருந்தேன்.

மாமி ஆட்டை வேலியோரத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தார். முளையையும் கல்லையும் மற்றக் கையில் வைத்திருந்தார். “என்ன, முகம் கறுத்துக் கிடக்கு?”

சொன்னேன். பரலைப் பார்க்காமலே கேட்டுக்கொண்டு நின்றார்.

“சாப்பாடு மேலை, சாப்பிடுறவர் கீழையோ? நல்ல படிப்புத்தான். அவரைத் தூக்கி மேலை விடுறதுக்கென்ன?”

“விட்டால் நாலு நாளிலை எல்லாத்தையும் முடிச்சிடும் மாமி. பிறகு குஞ்சு போட ஒண்டும் மிஞ்சாது. அதுக்காகத்தான் ரெண்டாய்ப் பிரிச்சது.”

“ஏன், என்ரை ஆடு மட்டும் வளவை முடிச்சிட்டுதோ?” எரிச்சலோடு முளையை மண்ணில் குத்திக் கல்லால் அடித்தார். “அவிட்டுவிட்டால் முடிக்கும்தான். அதுக்குத்தானே ஒவ்வொரு நாளும் நாரி முறிய உந்தக் கட்டையை மாத்தி அடிக்கிறன். பேய்க்கதை கதைக்காமல் போய் அந்தச் சீலையை இழுத்துவிடுங்கோ. நீங்கள் கிளறின மணம் வருது.”

சீலையை இழுத்துவிட்டேன். பிறகு திரும்பி வந்து முற்றத்தைப் பார்த்தேன். ஆட்டைச் சுற்றி ஒரு கயிற்றளவு வட்டம். நேற்றுக் கட்டிய வட்டம் வேலியோரத்தில், மொட்டையாக. அதற்கு முந்திய நாள் வட்டம் கிணற்றடியில். அங்கே புல் துளிர்த்திருந்தது.

கடற்குதிரையைக் கயிற்றில் கட்ட முடியாது. ஆனால் பரலைப் பிரிக்கலாம்.

வீட்டில் நுளம்புவலை இருந்தது. மாசிக்குப் பிறகு வாங்கியது. மூன்று துண்டு வெட்டி, மூங்கில் சலாகையில் கட்டித் தட்டியாக்கி, பரலைக் குறுக்கே நாலு பகுதியாகப் பிரித்தேன். வளர்ந்த தெள்ளுக்கு அந்த வலைக்கண் சிறிது, குஞ்சுக்குப் போதும். குஞ்சுகள் காலியான பகுதிக்குப் பரவலாம். அடிச் சேற்றைக் கிளறாமல் தட்டிகளை நொறுங்கலில் மட்டும் ஊன்றினேன். ஒரு நாள் ஒரு பகுதி. மூன்று நாள் ஓய்வு. மூன்று நாள் போதுமா? கட்டுரையில் இல்லை. ஐந்தாம் பக்கத்திலும் இருந்திராது.

மறுநாள் காலை குதிரையைக் கிண்ணத்தால் அள்ளி முதலாம் பகுதியில் விட்டேன். சற்று நேரம் நின்றது. பிறகு கழுத்தை வளைத்து, ஒரு கல்லிடுக்கை உற்றுப் பார்த்தது. அதன் முகம் முழுக்க ஒரு கேள்வியாக இருந்தது. பொறுத்திருந்தது. ஓர் உணர்கொம்பு வெளியே வந்தது. நான் கண்ணை இமைப்பதற்குள் அது இல்லை.

சஷ்டி தொடங்கியது. இரண்டாம், மூன்றாம் நாள்களிலும் மாற்றி விட்டேன். வியாழக்கிழமை காலை, நாலாம் பகுதியில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். பத்து மணிக்கு மழை வந்தது. யாழ்ப்பாணத்து முதல் மழை அல்ல, அந்த வருடத்து முழு மழை. பின்னேரமாகியும் விடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், இருபாலையில், வீதி தெரியவில்லை, தண்ணீர் இடுப்பளவு என்றார்கள். ரியூட்டரிக்காரர் அருட்பிரகாசம் தன் வீட்டில் தங்கச் சொன்னார். வெள்ளிக்கிழமையும் அப்படியே. வெள்ளத்தோடு ராணுவ ஹெலிகொப்டரும் சுற்றியது, ஒருவரும் வெளிக்கிடவில்லை.

நாலாம் பகுதி சிறியது. பரலின் வளைவு அங்கே ஒடுங்கும். இரை ஒரு நாளுக்கு மட்டுமட்டு. ரியூப்பில் காற்று வியாழன் மதியத்தோடு முடிந்திருக்கும். கடனீரேரிக்கு ஓடி இரை பிடிக்கவும் இனி வழியில்லை. அருட்பிரகாசத்தின் வீட்டில் சோறு போட்டார்கள். எத்தனை தரம் போட்டார்கள் என்று நினைவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு மழை தணிந்ததும் சைக்கிளைத் தோளில் வைத்து இருபாலையைக் கடந்தேன். மிதிக்கத் தொடங்கியபோது செத்த குதிரையை எங்கே தாழ்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கிணற்றடி ஆகாது. வாழையடி.

விறாந்தையில் ரியூப் முட்டக் காற்றோடு கிடந்தது. குழாய் முனையில் குமிழி வந்துகொண்டிருந்தது. நாலாம் பகுதியில் குதிரை இல்லை. முதலாம் பகுதியில் இல்லை. இரண்டாம் பகுதியில், சாதாளைத் தண்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணால் கல்லையும் மற்றக் கண்ணால் என்னையும் பார்த்தது.

மாமி பின்பக்கத்திலிருந்து வந்தார். தலை நனைந்திருந்தது. துவாயால் முடிந்திருந்தார். ஆறு நாள் பட்டினி முகத்தில் தெரிந்தது.

“வந்திட்டியளோ. தேத்தண்ணி போடட்டோ?”

“மாமி, இது...”

“நேற்றுக் காலமை பாத்தன். அந்தக் கரையிலை தட்டியிலை முகத்தை முட்டிக்கொண்டு நிண்டவர். பசியெண்டு விளங்கிச்சுது. எங்கடை ஆடும் உப்பிடித்தான் நிக்கும். கிண்ணத்தாலை அள்ளி இந்தக் கரையிலை விட்டன். இண்டைக்குப் பக்கத்துப் பங்குக்கு மாத்தினன். கட்டை மாத்திற மாதிரித்தானே, ஒழுங்கு அதுதானே?”

“ஓம். காத்து?”

“அதுகும் அடிச்சன். அஞ்சு தரம். கீழைத் தண்ணியையும் காலமை பின்னேரம் மேலை ஊத்தினன். தோள்மூட்டு விட்டுப்போச்சு.”

“விரதத்திலை...”

“இண்டைக்குக் கிண்ணத்துக்குள்ளை வரமாட்டன் எண்டு நிண்டவர். கையை விட்டன்.” தன் வலக்கைச் சுட்டுவிரலைப் பார்த்தார். “வாலாலை விரலைச் சுத்திப் பிடிச்சிட்டார். பிறகு விடேல்லை. இழுத்தால் முறிஞ்சுபோமோ எண்டு பயமாய்க் கிடந்தது. விடுமட்டும் நிண்டன்.”

“எவ்வளவு நேரம்?”

“கந்தசுவாமிக்குத் தெரியும். ரெண்டு தேவாரம் படிச்சன்.” துவாயை இறுக்கிக்கொண்டார். “பிறகு போய் முழுகினன். நேற்றும் இண்டைக்கும் ரெண்டு ரெண்டு தரம் முழுக்கு. மழைத் தண்ணி. தடிமன் வரப்போகுது.”

நான் அந்த விரலைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சுருங்கிய, வெள்ளையான, சாதாரண விரல்.

கைவில்லையை எடுத்து முதலாம் பகுதிமேல் குனிந்தேன். குதிரை மேய்ந்து ஒரு நாள் ஆன இடம். கல்லிடுக்குகள் வெறுமையாகத்தான் இருந்தன. பிறகு ஒரு கொம்பு. பிறகு இன்னொன்று. எண்ணினேன். பதினேழு. மறுபடி எண்ணினேன். பத்தொன்பது. எல்லாம் சிறியவை, தட்டியால் புகுந்து வந்தவை.

“எத்தினை?” குசினியிலிருந்து மாமி கேட்டார்.

“பத்தொன்பது.”

“காணுமோ?”

“இண்டைக்குக் காணாது. இன்னும் ரெண்டு நாள் பொறுத்தால் காணும்.”

அடுப்பை ஊதும் சத்தம் கேட்டது. பிறகு, “நாளைக்கு வகுப்பு இருக்கோ?”

“இருக்கு. வீதி வத்தினால் போவன்.”

“அப்ப போங்கோ. காலமை பாறணை முடிச்சிட்டு அவரை மூண்டாவதுக்கு நான் மாத்திவிடுறன். நல்லாய்ப் படிப்பிச்சுப்போட்டு வாங்கோ” என்றார். “இருபாலையாலை வராமல் உரும்பிராயாலை சுத்தி வாங்கோ. அங்காலை மேடு.”